ஓடறது பெருசில்ல மாப்ள, நிக்குதான்னு பாரு!

போன ஞாயித்துக்கிழமை காலைல அக்கா பையன் கோயமுத்தூர்ல இருந்து ஒரு வீடியோ அனுப்பிச்சான். அவனும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் நாலு மாசமா மொட்டைமாடி ரூம்ல உக்காந்து கட்டின சி.என்.சி ரவுட்டர். முதல் தடவையா ஒரு எம்.டி.எஃப் பலகைல எங்க அக்கா பேரை வெட்டி எடுக்குது. பின்னாடி ஒரே விசில் சத்தம். கடைசில அவன் குரல்: "ஓடுதுங்க மாமா! பாத்தீங்களா!"

பார்த்தேன். ரெண்டாவது தடவையும் பார்த்தேன். மூணாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வயித்தைக் கலக்குச்சு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஆளாளுக்கு கைதட்டற பொம்மையாப் போட்டுத் தள்ளிட்டாங்க. பெரியப்பா "நம்ம வீட்டுக்கு ஒரு ஜி.டி. நாயுடு"ன்னே எழுதிட்டார். நான் மட்டும் ஒண்ணும் எழுதலை. "மாமனுக்குப் பொறாமைடா"ன்னு அக்கா கிண்டல் வேற. பொறாமை இல்லைக்கா, பயம். அதை நாலு வரில அங்க எழுத முடியாது. அதான் இங்க வந்து கொட்டறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் பொட்டி தட்டற கோஷ்டி இல்லை. பேனல் பொட்டிக்குள்ள வயர் இழுக்கற கோஷ்டி. புனேவுக்கு வந்து 18 வருஷம் ஆச்சு. போசரி, சாக்கன் பக்கம் இருக்கற பட்டறைகளுக்கு மெஷின் வயரிங் பண்ணி, முதல் தடவை கரண்ட் குடுத்து ஓட வெச்சு ஒப்படைக்கறதுதான் நமக்கு சோறு. இத்தனை வருஷம் கழிச்சும் புது பேனலோட மெயின் சுவிட்சைப் போடும்போது ஒதுங்கி ஒரு பக்கமா நின்னு, முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் போடுவேன். கூட இருக்கற பசங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

சரி, அந்த வீடியோவுல நான் என்ன பார்த்தேன்?

பவர் சப்ளையோட 230 வோல்ட் ஸ்க்ரூ டெர்மினல், மூடி இல்லாம, பலகையோட விளிம்புல பப்பரப்பான்னு இருந்துச்சு. கை பட எட்டு அங்குலம் போதும். வந்த வயர்ல ரெண்டு பின் பிளக். எர்த் ஸ்க்ரூ காலியா பளபளன்னு மின்னுது. மெஷின் ஃப்ரேம் முழுக்க அலுமினியம். மரம் வெட்டற ட்ரிம் ரவுட்டர் நேரா சுவர் சாக்கெட்ல சொருகியிருக்கு, அதோட சொந்த சுவிட்ச் எப்பவும் ஆன். எல்லாத்துக்கும் முன்னாடி, கேமராவுக்கு அழகாத் தெரியற மாதிரி, மஞ்சள் டப்பாவுல ஒரு சிவப்பு காளான் பட்டன். அதுல இருந்து நூல் மாதிரி ரெண்டு வயர் கிளம்பி அர்டுயினோ மேல இருக்கற ஷீல்டு போர்டுக்குள்ள போகுது.

போன் போட்டேன்.

"எமர்ஜென்சி சுவிட்ச் கூட வெச்சிருக்கோம்ங்க மாமா, பாக்கலீங்களா?"

"பார்த்தேன் கண்ணு. அதை அமுக்கினா எது நிக்கும்?"

"எல்லாமே நின்னுருங்க."

"ரவுட்டர்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதை சுவத்துல ஆஃப் பண்ணோணுங்க மாமா."

"சுவர் சுவிட்ச் எங்க இருக்கு?"

"மெஷினுக்குப் பின்னாடிங்க."

அதாவது, 30,000 ஆர்.பி.எம்-ல சுத்தற பிட்டுக்கு மேல கையை நீட்டித்தான் அந்த பிட்டை நிறுத்த முடியும். இதைச் சொன்னா பையன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "முதல்ல ஓடட்டும்னு பாத்தோங்க மாமா. சேஃப்டியெல்லாம் அப்பறம் சேத்திக்கலாங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

ஒண்ணும் ஆகாது! இங்க மராத்தில "காஹி ஹோத் நாஹி". ஹிந்தில "குச் நஹி ஹோகா". மொழிக்கு மொழி சண்டை போடற இந்த நாட்டுல எல்லாரும் ஒத்துமையா ஒத்துக்கற ஒரே வாக்கியம் இதுதான்னு நினைக்கறேன். இந்த வாக்கியத்துக்கு எதிராத்தான் எழுதறேன். அவனுக்கு எதிரா இல்லை. ஏன்னா அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கேன். அதுக்கு விலை குடுத்தது நான் இல்லை, வேற ஒரு பையன்.

கொசுவத்தி சுத்தறேன். 2017. வாடகை வீட்டோட பார்க்கிங் ஷெட்ல நானும் ஒரு சி.என்.சி ரவுட்டர் கட்டியிருந்தேன். ஜூனா பஜார்ல பொறுக்கின லீனியர் ரயில், தப்கீர் கல்லில வாங்கின பவர் சப்ளை, ட்ரிம் ரவுட்டரையே ஸ்பிண்டிலா மாட்டியிருந்தேன். கம்பெனில மெஷினுக்கு சேஃப்டி ரிலே, பூட்டு, சிவப்புச் சீட்டு எல்லாம் போடற ஆளு, சொந்த மெஷின்ல ஒரு எம்.சி.பி-யோட நிறுத்திட்டேன். வீட்டு ஓனர் பையனுக்கு அப்ப 17 வயசு, ஐ.டி.ஐ-ல எலக்ட்ரீஷியன் படிச்சிட்டு இருந்தான். என்னை "காகா"ன்னு கூப்பிடுவான் (சித்தப்பான்னு அர்த்தம்). ஸ்கூல் விட்டா ஷெட்டுன்னு கிடப்பான்.

புனேக்காரங்களுக்குத் தெரியும், வியாழக்கிழமைன்னா மராமத்துக்குக் கரண்ட் நிறுத்தற நாள். பட்டறைகளுக்கும் அன்னிக்குத்தான் வார லீவு. அன்னிக்கு வெட்டு பாதில இருக்கும்போது கரண்ட் போச்சு. சும்மா இருக்கற நேரத்துல பிட்டை மாத்திடலாம்னு உக்காந்தோம். அவன் ஒரு ஸ்பேனரை ஷாஃப்ட்ல, இன்னொண்ணை கோலெட் நட்ல போட்டுப் பிடிச்சான். பிடிக்கறதுக்கு முன்னாடி கேட்டான்: "காகா, பிளக்கைக் கழட்டிடட்டுமா?"

நான் சொன்னேன்: "கரண்டே இல்லையேடா. ஒண்ணும் ஆகாது."

கரண்ட் வந்துச்சு. ரவுட்டர் சுவிட்ச் ஆன்லயே இருந்ததால அது பாட்டுக்கு கிளம்பிடுச்சு. ஒரு ஸ்பேனர் ஷெட்டோட தகரத்துல போய் அடிச்சு விழுந்துச்சு. இன்னொண்ணு அவன் இடது கையையும் சேர்த்துத் திருப்பிடுச்சு. ஆள்காட்டி விரல் நுனில ஆறு தையல். இன்னிக்கும் அந்த நகம் நேரா வளர்றதில்லை. அவங்கம்மா என்னைத் திட்டலை. "நீங்க இன்ஜினியர் ஆச்சே, உங்ககூட இருக்கான்னுதான் நான் கவலைப்படாம இருந்தேன்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு என்கிட்ட எது இல்லை? பணமா? அறிவா? ரெண்டும் இருந்துச்சு. இல்லாதது எங்க தாத்தாவோட கிணத்து மேட்டுல 40 வருஷத்துக்கு முன்னாடியே இருந்த ஒரு பொருள்.

கொங்கு நாட்டுக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். மோட்டார் ரூம் சுவத்துல ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பச்சையை அமுக்கினா டமார்னு ஒரு சத்தத்தோட மோட்டார் ஓடும். கரண்ட் போனா நிக்கும். கரண்ட் திரும்பி வந்தா? தானா ஓடாது. யாராவது போய் மறுபடியும் பச்சையை அமுக்கணும். ஏன்னா உள்ள இருக்கற கான்டாக்டர் தன்னைத்தானே பிடிச்சுக்கிட்டு நிக்கற விதத்துல வயரிங் பண்ணியிருப்பாங்க. பச்சை பட்டன் காயிலுக்கு கரண்ட் குடுக்கும். காயில் இழுத்ததும் கான்டாக்டரோட துணை கான்டாக்ட் மூடிக்கும். பட்டனை விட்டாலும் அந்தத் துணை கான்டாக்ட் வழியா காயிலுக்குக் கரண்ட் போயிட்டே இருக்கும். ஒரு நொடி கரண்ட் போனாலும் காயில் விட்டுடும், துணை கான்டாக்ட் திறந்துடும், சங்கிலி அறுந்துடும். திரும்ப ஆரம்பிக்க ஒரு மனுஷ விரல் வேணும். (ராத்திரி கரண்ட் வர்றப்ப எழுந்து போக சோம்பல் பட்டு ஆட்டோ சுவிட்ச் மாட்டறதும் நம்ம ஆளுங்கதான். அது தனிக் கதை.)

எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா கிணத்து மோட்டாருக்கு வெச்சிருந்ததை, டிப்ளமோ முடிச்ச பேரன் தன் மெஷினுக்கு வைக்கலை. மெஷினை ஓட வைக்கத்தான் எனக்கு ஆசை. நிறுத்தறதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை.

இப்ப அந்த சிவப்பு காளான் பட்டனுக்கு வருவோம். இதுலதான் எனக்கு ரொம்பக் கோவம்.

வீட்டுல கட்டற பத்து மெஷின் வீடியோவைப் பாருங்க, பாதிக்கு மேல பட்டன் அர்டுயினோ பின்னுக்குத்தான் போகும். சில ஷீல்டு போர்டுகள்ல அந்தப் பின்னுக்குப் பக்கத்துல 'இ-ஸ்டாப்'னே அச்சடிச்சு வேற வெச்சிருக்கான், அடப்பாவி! அது என்ன பண்ணும்? கன்ட்ரோலரை ரீசெட் பண்ணும். அவ்வளவுதான். பல்ஸ் நிக்கும், பவர் நிக்காது. மோட்டார் இன்னும் டிரைவர் பிடில இருக்கும். ஸ்பிண்டில் ரிலேயோட கான்டாக்ட் ஒட்டிக்கிட்டிருந்தா (மோட்டார் கிளம்பற நேரத்துக் கரண்ட்ல அந்த நீலக் கலர் சின்ன ரிலே ஒட்டிக்கறது சகஜம்) எம்5-ன்னு எத்தனை தடவை கட்டளை குடுத்தாலும் ஸ்பிண்டில் கேட்காது. ரவுட்டர் நேரா சுவத்துல இருந்தா சுத்தம், கேட்கவே வேண்டாம்.

எந்த நேரத்துல நாம அந்த பட்டனை அமுக்குவோம்? எல்லாம் ஒழுங்கா நடக்கும்போதா? புரோகிராம் தறிகெட்டுப் போகும்போது, கன்ட்ரோலர் உறைஞ்சு நிக்கும்போது, வயர்ல இரைச்சல் புகுந்து மெஷின் பேய் பிடிச்ச மாதிரி ஓடும்போதுதானே! அந்த நேரத்துல அதே கன்ட்ரோலர்கிட்ட போய் "ஐயா, தயவு செஞ்சு நிறுத்தறீங்களா"ன்னு மனு குடுக்கறதுதான் அந்த ரெண்டு நூல் வயர். திருடன்கிட்டயே புகார் குடுக்கற கதை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. மெஷின்களோட மின்சாரப் பாதுகாப்புக்கான உலகத் தரம் ஐ.இ.சி 60204-1 நிறுத்தறதை மூணா பிரிக்குது. வகை 0: உடனே பவரைத் துண்டிக்கறது. வகை 1: கட்டுப்பாட்டோட நிறுத்திட்டு அப்புறம் பவரைத் துண்டிக்கறது. வகை 2: நிறுத்திட்டு பவரை அப்படியே வெச்சிருக்கறது. அவசர நிறுத்தத்துக்கு 0 அல்லது 1 தான் செல்லும். 2 செல்லாது. இன்னொரு விதியும் உண்டு: காளான் பட்டனைத் திருகி விடுவிச்சதும் மெஷின் தானா கிளம்பக் கூடாது. நம்ம ஊர்லயே 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 24-ஆவது பிரிவுல, ஓடற மெஷினுக்கு அவசரத்துல பவரைத் துண்டிக்க ஒவ்வொரு வேலைக்கூடத்துலயும் வசதி இருக்கணும்னு எழுதி வெச்சாங்க. மொட்டைமாடி ரூமுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்ங்கறது உண்மைதான். ஆனா விரலுக்கு ஃபேக்டரியும் ஒண்ணுதான், மொட்டைமாடியும் ஒண்ணுதான்.

சரி, எப்படி மாட்டணும்? சுலபம். மெயின்ல எம்.சி.பி. அங்க இருந்து ஒரு கிளை காளான் பட்டனோட எப்பவும் மூடியிருக்கற கான்டாக்ட் வழியா, சிவப்பு பட்டன் வழியா, பச்சை பட்டனுக்கு. பச்சைக்கு இணையா கான்டாக்டரோட துணை கான்டாக்ட். அங்க இருந்து காயிலோட ஏ1, ஏ2 வழியா நியூட்ரல். மோட்டார் பவர் சப்ளை, ஸ்பிண்டில், எல்லாத்துக்கும் போற கரண்ட் அந்த கான்டாக்டரோட பெரிய கான்டாக்ட்களைத் தாண்டித்தான் போகணும். கம்ப்யூட்டரும் அர்டுயினோவும் தனியா உயிரோட இருக்கட்டும். இன்னொரு துணை கான்டாக்ட்ல இருந்து கன்ட்ரோலருக்கும் ஒரு வயர் இழுங்க, பவர் போயிடுச்சுன்னு அதுக்குத் தெரியணும் இல்லையா. அதுக்குத் தகவல் சொல்லுங்க. அனுமதி கேட்காதீங்க.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, பவரை வெட்டினா ஸ்பிண்டில் அந்த நொடியே நிக்காது. 24,000 ஆர்.பி.எம்-ல சுத்தினது ஓய்ஞ்சு நிக்க நேரம் எடுக்கும். கண்ணால நின்னதைப் பார்த்த பிறகுதான் கை உள்ள போகணும். ரெண்டு, ஸ்பிண்டில் மாட்டின இசட் ஆக்சிஸ் பால் ஸ்க்ரூவுல தொங்கினா, பவர் போனதும் பொத்துன்னு கீழ இறங்கலாம். அதுக்கு பிரேக்கோ எதிர் எடையோ வைங்க. அதுக்குக் கீழ கை வைக்காதீங்க.

அடுத்து எர்த். "மாமா, ஃப்ரேமைத் தொட்டா லேசா சுர்ருங்குது, அது நார்மல்தானுங்க?"ன்னு பையன் கேட்டான். நார்மல் இல்லடா சாமி! இந்த மாதிரி பவர் சப்ளைக்குள்ள லைன்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு இரைச்சல் வடிகட்டற சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் மாட்டலைன்னா பாடி நடுவால மிதக்கும், சுமார் 115 வோல்ட்ல. கரண்ட் ரொம்பக் கொஞ்சம்ங்கறதால சுர்ருனு மட்டும் இருக்கு. எர்த் இல்லைன்னு மெஷின் உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கு. நாளைக்கு உள்ள ஒரு வயர் உரிஞ்சு பாடில பட்டா அதே ஃப்ரேம் முழு 230 வோல்ட்ல நிக்கும். அப்ப சுர்ருனு இருக்காது.

நம்ம ஊர் மூணு பின் பிளக்கைக் கையில எடுத்துப் பாருங்க. மேல இருக்கற எர்த் பின் மட்டும் தடியா, நீளமா இருக்கும். சொருகும்போது முதல்ல சேரணும், உருவும்போது கடைசியா விடணும்னு யோசிச்சு வெச்ச நீளம் அது. அதைத்தான் நாம முதல் வேலையா தூக்கிப் போடறோம். ரெண்டு வயரை உரிச்சு சாக்கெட்ல விட்டு தீக்குச்சி சொருகற ஆளுங்களையும் பார்த்திருக்கேன். இங்க இதுக்கு "ஜுகாட்"னு ஒரு செல்லப் பேரு. பெரிய பெரிய மேனேஜ்மென்ட் ஆளுங்க எல்லாம் இதை இந்திய மூளைன்னு புகழ்ந்து தள்ளறாங்க. ஸ்க்ராப்ல இருந்து ரயில் எடுத்து மெஷின் கட்டறது மூளை, நூறு தடவை கும்பிடறேன். எர்த் பின்னை வெட்டறது மூளை இல்லை. சோம்பேறித்தனத்துக்கு தேசபக்திச் சாயம்.

எர்த்தோட 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒண்ணும் வேணும். எர்த் இருந்தா பாடி லைவ் ஆன அந்த நிமிஷமே அது விழுந்துடும். எர்த் இல்லைன்னா யாராவது தொடற வரைக்கும் காத்திருக்கும். அப்ப உங்க உடம்புதான் எர்த் வயர். ஸ்பிண்டிலுக்கு வி.எஃப்.டி மாட்டினா ஆர்.சி.சி.பி அடிக்கடி விழுதுன்னு அதைக் கழட்டி எறியறவங்க இருக்காங்க. வி.எஃப்.டிக்கு ஏத்த வகை ஆர்.சி.சி.பி தனியா இருக்கு, அதை வாங்குங்க. நாய் குரைக்குதுன்னு நாயையா கொல்லுவாங்க?

இப்ப முதல் தடவை கரண்ட் குடுக்கற வரிசை. நான் பட்டறைல பண்றது இதுதான்.

முதல்ல கரண்ட் இல்லாமயே பாதி வேலை. ஒவ்வொரு வயரையும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, கையோட வர்றது இப்பவே வரட்டும். மல்டிமீட்டர்ல லைனுக்கும் நியூட்ரலுக்கும், லைனுக்கும் பாடிக்கும், டி.சி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் ஷார்ட் இருக்கான்னு பாருங்க. பிளக்கோட எர்த் பின்ல இருந்து மெஷினோட ஒவ்வொரு இரும்பு, அலுமினியத் துண்டுக்கும் தொடர்பு இருக்கான்னு பாருங்க. ஸ்பிண்டில் பாடியையும் மறக்காதீங்க, மலிவு ஸ்பிண்டில் பலதுல நாலாவது பின் உள்ள எதுலயும் சேர்ந்திருக்காது. பவர் சப்ளை பக்கவாட்டுல 115/230 சுவிட்ச் இருந்தா 230-ல இருக்கான்னு பாருங்க. 115-ல விட்டுட்டு நம்ம கரண்டைக் குடுத்தா தீபாவளிதான்.

அடுத்து பவர் சப்ளை மட்டும். டிரைவர் எதுவும் வேண்டாம். ரேடியோ மெக்கானிக் கடைல பார்த்திருப்பீங்களே சீரிஸ் லாம்ப், அதே மாதிரி 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை லைன்ல தொடரா போட்டுக் குடுங்க. பல்பு ஒரு தடவை மினுக்கிட்டு அடங்கினா சரி. முழுசா எரிஞ்சுட்டே இருந்தா உள்ள ஷார்ட். வெடிக்க வேண்டியது பல்பா எரிஞ்சு சொல்லிடும். எல்.இ.டி பல்பு இதுக்கு ஆகாது.

வெளிய வர்ற வோல்டேஜ் சரியா இருந்தா அணைச்சுட்டு ஒரே ஒரு டிரைவர், ஒரே ஒரு மோட்டார். டிரைவர்ல கரண்ட் செட்டிங் குறைஞ்சதுல. மோட்டார் ஸ்க்ரூவோட சேராம மேஜை மேல கிடக்கட்டும். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழட்டாதீங்க, டிரைவர் போயிடும். ஓட விட்டு காளான் பட்டனை அமுக்குங்க. சில நொடி விட்டு ஷாஃப்டை மெதுவா கையால திருப்பிப் பாருங்க. லேசா சுத்தினா பவர் உண்மையிலயே போயிருக்கு. இறுகிப் பிடிச்சிருந்தா உங்க எமர்ஜென்சி பட்டன் ஒரு பொம்மை. காசு செலவே இல்லாத இந்தச் சோதனைல தேறாத மெஷினை மேற்கொண்டு ஓட்டாதீங்க. அடுத்தது, பட்டனை விடுவிங்க. எதுவும் தானா கிளம்பக் கூடாது. அதுக்கும் அடுத்தது, ஓடும்போது மெயின் சுவிட்சை அணைச்சு மறுபடி போடுங்க. எங்க ஊர் வியாழக்கிழமை மாதிரி. அப்பவும் எதுவும் கிளம்பக் கூடாது.

அப்புறம்தான் ஸ்க்ரூவோட சேர்க்கறது. ஆக்சிஸை நடுவுல நிறுத்தி, மெதுவான வேகத்துல, லிமிட் சுவிட்சைக் கையால தட்டி நிக்குதான்னு பாருங்க. லிமிட் சுவிட்ச் எப்பவும் மூடியிருக்கற வகைல போடுங்க. அப்பத்தான் வயர் அறுந்தாலும் மெஷின் நிக்கும். ஸ்பிண்டில் கடைசி. டூல் இல்லாம, கோலெட் நட்டையும் கழட்டிட்டு. 24,000 ஆர்.பி.எம் ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸுக்குக் கட்டினது. வி.எஃப்.டியை 50 ஹெர்ட்ஸ் சாதா மோட்டார் செட்டிங்லயே விட்டு ஓட்டினா காயில் கருகிடும். அணைச்ச பிறகும் வி.எஃப்.டிக்குள்ள 300 வோல்ட்டுக்கு மேல டி.சி சில நிமிஷம் உக்காந்திருக்கும். மூடில போட்டிருக்கற நேரம் வரைக்கும் காத்திருந்து, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத் தொடுங்க. சுத்தற மெஷின் பக்கத்துல கையுறை வேண்டாம், இழுத்துக்கிட்டுப் போயிடும். கண்ணுக்குக் கண்ணாடி கண்டிப்பா.

இதையெல்லாம் சொன்னா வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"காசு இல்லை." ரயிலுக்கும் ஸ்க்ரூவுக்கும் ஸ்டெப்பருக்கும் 40,000 ரூபாய் செலவு பண்ணியிருக்கீங்க. அந்த விபத்துக்கு அப்புறம் நான் வாங்கின கான்டாக்டர், மூணு பட்டன், ஆர்.சி.சி.பி எல்லாம் சேர்ந்து 4,000-க்குள்ள முடிஞ்சுது. கடைசில காசு தீர்ந்து போனா எது நிக்கணும்? அலங்கார எல்.இ.டி விளக்கு நிக்கட்டும்.

"நான் கவனமா இருப்பேன்." நானும் கவனமாத்தான் இருந்தேன். 18 வருஷ அனுபவத்துல ஒன்பதாவது வருஷம் அது. கவனம்ங்கறது நல்லா தூங்கி எழுந்த காலைல இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு, வெட்டு பாதில இருக்கும்போது இருக்காது. அந்த ராத்திரிக்குத்தான் கான்டாக்டர்.

"இப்படி பயமுறுத்தினா எவன் மெஷின் கட்டுவான்?" இது மட்டும் நியாயமான கேள்வி. கட்டணும்னுதான் நானும் சொல்றேன். ஒரு விரல் போனா, வீட்டுல யாரும் அதுக்கப்புறம் ஸ்க்ரூடிரைவரையே தொட விடமாட்டாங்க. ஓனர் பையன் அதுக்கப்புறம் என் ஷெட்டுக்கு வரலை. அவன் வராததுக்குக் காரணம் மெஷின் இல்லை, நான்.

அப்புறம் ஒண்ணு கவனிச்சீங்களா? "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவனும் கையை உள்ள விடறவனும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. பட்டறைல முதலாளி சொல்லுவார், ஹெல்பர் விடுவான். அன்னிக்கு ஷெட்ல நான் சொன்னேன், அவன் விட்டான். மொட்டைமாடி ரூம்ல என் மருமகன் சொல்லுவான், கூட்டாளிங்க விடுவாங்க. அதனாலதான் இது தனிப்பட்ட தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லைங்கறேன். உங்க விரல் உங்க இஷ்டம். அடுத்தவன் விரலுக்கு "ஒண்ணும் ஆகாது"ன்னு உத்தரவாதம் குடுக்க நீங்க யாரு, நான் யாரு?

பையன்கிட்ட இதையெல்லாம் போன்லயே சொல்லிட்டேன். "சரிங்க மாமா"ன்னான். அந்த "சரிங்க மாமா"வுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும், அந்த வயசுல நானும் சொன்னதுதான். அதனால நேத்து ஒரு கான்டாக்டரும் பச்சை, சிவப்பு பட்டனும் கூரியர்ல அனுப்பிட்டேன். கூடவே ஒரு மூணு பின் பிளக். அடுத்த வீடியோவுல பேரை வெட்டறதைக் காட்ட வேண்டாம், காளான் பட்டனை அமுக்கி ஷாஃப்டைக் கையால சுத்திக் காட்டுன்னு சொல்லியிருக்கேன். அது வர்ற அன்னிக்கு குடும்பக் குழுவுல நானும் கைதட்டற பொம்மை போடறேன்.

டிஸ்கி: 230 வோல்ட் பக்கம் கை வைச்சுப் பழக்கமில்லாதவங்க இதைப் படிச்சுட்டு நேரா இறங்காதீங்க. உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தை முதல்ல பார்க்கச் சொல்லுங்க. அவரும் வந்து பார்த்துட்டு "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னா, ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டு, வேற ஆளைப் பாருங்க.